விலாசமும் விலையும்

கொழும்பு வெள்ளவத்தையிலே காலி வீதியின் ஒரு பக்கத்தில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள். மறு பக்கத்தில் உள்நாடு நோக்கிச் செல்லும் வீதிகள். இடையிலே புடவைக் கடை, நகைக் கடை, பலசரக்குக் கடை, மருந்துக் கடை, தையற் கடை, சைவ உணவுச்சாலை என்று ஒன்றையொன்று நெருக்கிக் கொண்டு நிற்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு வண்டியில் வந்திறங்கும் ஒருவருக்கு மணிக்கூடு திருத்துபவர் ஒருவர் தேவைப்பட்டால், அவர் முன்னாளிலே சந்தியில் நின்ற ஒருவரைக் கேட்பார். கேட்கப்பட்டவர் தமக்குத் தெரிந்த கடையைக் காட்டுவார். அது அவருடைய மைத்துனரின் கடையாகவும் இருந்திருக்கலாம். இன்று வருபவர் கைத்தொலைபேசியைக் கேட்கிறார். அதுவும் ஒரு கடையை முதலிற் காட்டுகிறது. அக்கடை முதலிடம் பெற்றது வேலைத் திறமையினாலா, அண்மையில் இருப்பதனாலா, அல்லது கடைக்காரர் மாதந்தோறும் செலுத்தும் பணத்தினாலா என்பதைக் கேட்டவர் அறியார். மைத்துனர் உறவையாவது முகத்தைப் பார்த்து ஊகித்துக் கொள்ளலாம்.

வர்த்தகர்களின் பெயரையும் இருப்பிடத்தையும் தொழிலையும் திரட்டித் தருகின்ற நூலுக்கு இலங்கைத் தமிழில் விபரக்கொத்து என்று பெயர். இன்று அது பெரும்பாலும் இணையத்திலே வாழ்கிறது. அதை நடத்துவோர் யாரிடம், எதற்காக, எவ்வளவு சந்தா வாங்குவது என்று மண்டையைப் பிய்த்துக் கொள்கின்றனர். இவ்வினா இணையத்தோடு பிறந்த புதிய வினா அன்று. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக இது கேட்கப்பட்டு வருகிறது. காலத்துக்குக் காலம் வேறு வேறு விடை அளிக்கப்பட்டுள்ளது; ஒவ்வொரு விடையினாலும் ஒருசாரார் நன்மையும் மற்றொருசாரார் இன்னலும் அடைந்துள்ளனர்.

விலாசம் என்ற சொல்லையே முதலிற் கவனிக்கலாம். கடித உறையின் மேல் எழுதப்படும் இருப்பிடக் குறிப்பு என்பதே இன்று எவரும் கொள்ளும் பொருள். ஆனால் கொழும்புச் செட்டியார் தெருவிலே கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தாருக்கு விலாசம் என்பது வேறொன்று. தொழில் நடத்தியவரும் அவருடைய முன்னோரும் தாங்கிய பெயர்களின் முதலெழுத்துகளை வரிசையாகக் கோத்து அமைத்த நிறுவனக் குறியையே அவர்கள் விலாசம் என்றனர். அந்தச் சில எழுத்துகளுக்குள்ளே ஒரு குடும்பத்தின் நாணயம் முழுவதும் அடங்கியிருந்தது. அவ்விலாசம் எழுதிய உண்டியல் கொழும்பிலும் இரங்கூனிலும் பினாங்கிலும் செல்லும். கொழும்பிலிருந்த ஆங்கிலேய வங்கிகள் செட்டிமாருக்குக் கடன் வழங்கியபோது, இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று பிணைச் சிறாப்பர் வகுத்த பட்டியலையே நம்பின. அதுவும் ஒரு விபரக்கொத்துத்தான். ஆனால் அச்சிடப்படாதது, வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் இருப்பது. தன் பெயர் அதில் எந்த இடத்தில் உள்ளது என்பதைப் பட்டியலில் உள்ளவரே காண முடியாது. 1925 ஆம் ஆண்டில் ஒரு பெரும் செட்டி நிறுவனம் முறிந்தபோது வங்கிகள் இவ்வகைக் கடனைச் சுருக்கிக் கொண்டன. புறக்கோட்டையின் சிறு வியாபாரிகள் பலர் தொடர்ந்து தவித்தனர். 1934 ஆம் ஆண்டு இலங்கை வங்கி ஆணைக்குழு இக்கடன் முறையை விரிவாக ஆராய்ந்தது. ஒரு பட்டியலில் இருப்பதும் இல்லாமற்போவதும் வயிற்றுப்பாட்டோடு தொடர்புடையவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

எவரும் வந்து பார்க்கக்கூடிய பட்டியல் என்ற எண்ணம் மேலை நாட்டிலே 17 ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. பாரிஸ் நகரிலே தியோபிராஸ்ற் ரெனோதோ என்ற மருத்துவர் 1630 ஆம் ஆண்டளவில் விலாச அலுவலகம் ஒன்றைத் திறந்தார். வேலை தேடுவோரும் வேலையாள் தேடுவோரும், விற்போரும் வாங்குவோரும் அங்கே சென்று தத்தம் தேவையைப் பதிவேட்டில் எழுதுவிக்கலாம். பிறர் எழுதுவித்ததையும் பெறலாம். கட்டணம் மூன்று சூ என்னும் சிறு நாணயம். ஏழைகளிடம் அதுவும் வாங்கப்படவில்லை. லண்டனிலே 1650 ஆம் ஆண்டில் ஹென்றி றொபின்சன் என்பவர் இதைப் பின்பற்றி ஓர் அலுவலகம் தொடங்கினார். அங்கே கட்டணம் ஆறு பென்ஸ், ஏழைக்கு இலவசம். சந்தா முறைகளை வகுக்கின்ற இக்காலத்து இளைஞர்கள், இலவச நிலை ஒன்றும் கட்டண நிலை ஒன்றுமாகப் பிரிப்பதைத் தம் தலைமுறையின் கண்டுபிடிப்பு என்று கருதுவதுண்டு. ரெனோதோ அதைச் செய்து நானூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன.

அச்சுக்கூடம் பெருகியபின் பதிவேடு புத்தகமாயிற்று. 1677 ஆம் ஆண்டில் சாமுவேல் லீ என்பவர் லண்டன் வணிகர்களின் பெயர்ப் பட்டியலை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். ஏறத்தாழ 2000 பெயர்கள் அதில் இருந்தன. அன்றுமுதல் நெடுங்காலம் நிலவிய முறை எளிமையானது. பெயர் இடம்பெறுவதற்குப் பணம் இல்லை; புத்தகத்தை வாங்குபவரே விலை கொடுப்பார். வணிகர் அனைவரின் பெயரும் இருந்தாற்றான் புத்தகம் விலைபோகும். ஆகவே எவரையும் விட்டுவிடாதிருப்பதே பதிப்பாளரின் சொந்த நலம். நேர்மைக்கும் இலாபத்துக்கும் பகை ஏற்படாத அரிய ஏற்பாடு இது.

ஆயினும் அத்தனை பெயர்களையும் யார் திரட்டுவது? தெருத்தெருவாக நடக்கும் தபாற்காரருக்குத்தான் எல்லாம் தெரியும். 1800 ஆம் ஆண்டில் லண்டன் தபாற் கந்தோரின் கடித விநியோகப் பரிசோதகர் இருவர் ஒரு விபரக்கொத்தை வெளியிட்டனர். பின்பு 1830களில் அதே உத்தியோகத்திலிருந்த பிரெடெரிக் கெல்லி என்பவர் அதைத் தமதாக்கிக் கொண்டு பெருந்தொழிலாக வளர்த்தார். கடிதம் கொண்டு செல்பவர்களே விபரம் திரட்டினர். அவர்களே புத்தகத்தையும் விற்றனர். அரசாங்கச் சம்பளம் பெறுவோர் தனியார் ஒருவரின் புத்தகத்துக்காக உழைப்பது முறையா என்ற கேள்வி 1840களில் எழுந்து பாராளுமன்றம்வரை சென்றது. போட்டியாளர்களுக்கு அந்த வசதி இல்லையே! அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தபாற்காரர்களை இவ்வேலையில் ஈடுபடுத்தும் வழக்கம் நின்றது. பெயர் திரட்டும் செலவு மறைந்திருந்தால் விலை மலிவாகத் தோன்றும். அச்செலவை வேறு எவரோ சுமந்து கொண்டிருப்பார் என்பது கெல்லி நடத்திய தொழிலிலிருந்து தெரியவருகிறது.

இலங்கைக்கு வருவோம். இத்தீவைப்பற்றிய விபரங்களை அகரவரிசையில் அடுக்கி நூலாக்கிய முன்னோடி ஒரு தமிழரே. கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி தமது 27 ஆவது வயதில், 1834 ஆம் ஆண்டில், ஆங்கிலத்தில் இலங்கை இடவிபர அகராதியை வெளியிட்டார். அது வணிகர் பட்டியல் அன்று. ஊர்களும் ஆறுகளும் மக்களும் அதன் பொருள். அதே 1834 ஆம் ஆண்டு கொழும்பு வர்த்தகர்கள் ஒரு பத்திரிகையைத் தொடங்கினார்கள். ‘ஒப்சேவர்’ என்ற பெயரோடு ‘வர்த்தக விளம்பரகர்த்தா’ என்ற பொருள்படும் சொல்லும் அதன் தலைப்பில் ஒட்டியிருந்தது. 1837 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த ஸ்கொத்லாந்தியரான அலஸ்ரெயர் மக்கென்சி பேர்கூசன் 1846 இல் அப்பத்திரிகையிற் சேர்ந்து, 1859 இல் அதன் உரிமையாளரானார். அதையொட்டிய ஆண்டுகளில் அவர் வெளியிடத் தொடங்கிய ஆண்டுநூலே பேர்கூசன் டைரக்டரி என்று நாடறியப் பெயர்பெற்றது. அவருடைய சகோதரரின் மகன் ஜோன் பேர்கூசன் 1861 இல் வந்து சேர்ந்து அப்பணியைத் தொடர்ந்தார்.

அந்நூல் ஏன் அக்காலத்தில் தேவைப்பட்டது? மலைநாட்டிலே காட்டை வெட்டிக் கோப்பி நட்ட காலம் அது. கொழும்பு வர்த்தக சங்கம் 1839 இலும், கண்டியில் தோட்டத்துரைமார் சங்கம் 1854 இலும் அமைந்திருந்தன. தந்திக் கம்பி கொழும்பையும் காலியையும் 1858 இல் இணைத்தது. புகையிரதப் பாதையின் முதற்பகுதி 1864 இல் திறக்கப்பட்டது. லண்டனில் இருந்துகொண்டு இலங்கைத் தோட்டத்துக்குப் பணம் போடுபவருக்குத் தோட்டத்தின் பெயர், பரப்பு, உரிமையாளர், மேற்பார்வையாளர், கொழும்பில் அதன் முகவர் யார் என்பனவெல்லாம் தெரியவேண்டும். பஞ்சாங்கக் குறிப்பு, அரசாங்க உத்தியோகத்தர் வரிசை, வர்த்தக நிறுவனங்கள், தோட்டங்கள், வாசிகளின் இருப்பிடங்கள் எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் அடங்கிய கனத்த புத்தகம் அது. 1869 இல் கோப்பி இலைகளிலே நோய் கண்டு அப்பயிர் அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபின்னும் புத்தகம் நின்றது. பயிர் மாறினாலும் விலாசம் தேடுபவர் குறையவில்லை. 1923 இல் டி. ஆர். விஜேவர்தன ஒப்சேவரை வாங்கினார். பேர்கூசனின் பெயரைத் தாங்கிய விபரக்கொத்து அதன்பின்னும் லேக் ஹவுஸ் நிறுவனத்தால் நெடுங்காலம் வெளியிடப்பட்டது.

பேர்கூசனின் வருவாய் இரண்டு வழிகளில் வந்தது. புத்தகத்தின் விலை ஒன்று. முன்னும் பின்னும் சேர்க்கப்பட்ட விளம்பரத் தாள்கள் மற்றொன்று. பட்டியல் ஒருபுறம், விளம்பரம் ஒருபுறம். இரண்டுக்கும் நடுவே தாளே வேலியாக நின்றது. விளம்பரம் கொடுத்தவரின் பெயர் பட்டியலில் அகரவரிசையை மீறி மேலே ஏறிவிட முடியாது. அகரவரிசை ஒருவகையிலே கண்டிப்பான நீதிபதி. ஆயினும் தமிழருக்கு அது எப்பொழுதும் நீதி வழங்கியது என்று சொல்வதற்கில்லை. ஆங்கில முறையிலே குடும்பப் பெயர் முன்னிற்க வேண்டும். தமிழருக்கோ முன்னெழுத்துத் தகப்பன் பெயர். பின்வருவதுதான் சொந்தப் பெயர். கந்தையாவின் மகன் பொன்னையாவை எந்த எழுத்தில் தேடுவது? நகரத்தாரின் விலாசத்தை எங்கே சேர்ப்பது? ஒரே பெயரை நாலு விதமாக ஆங்கிலத்தில் எழுதும் வழக்கமும் இதனோடு சேர்ந்தால், புத்தகத்தில் இருந்தும் கண்ணிற் படாத கடைகள் உண்டாவது இயல்பு. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலே எண்ணெய் விற்றவரைத் தேடி லண்டன் முதலாளி எவரும் புத்தகம் புரட்டப் போவதில்லை. அவரை நாடியவர்கள் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கும் சாந்த லூசியாள் பேராலயத்துக்கும் வந்துபோனவர்கள். அவர்களுக்கு ஆங்கிலப் புத்தகமும் கனவு. அதன் விலையும் கனவு.

இவ்விடத்திலே சந்தா என்ற சொல்லைப்பற்றி ஒரு வார்த்தை. இது பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்தது. இதற்குமுன் தமிழ்ப் பதிப்புலகில் வழங்கியது கையொப்பம் என்ற அழகிய சொல். நூல் அச்சாவதற்கு முன்பே, இத்தனை பிரதி வாங்குவேன் என்று கைச்சாத்திட்டு முற்பணம் தருபவர் கையொப்பக்காரர். உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவகசிந்தாமணியை அச்சிட்டபோதும் இத்தகைய கையொப்பப் பணமே கைகொடுத்தது. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரும் ‘கீழே எழுதுதல்’ என்றே பொருள்படும். ஆக, சந்தாவின் உயிர் பணத்தில் இல்லை. ஒருவர் தாமே விரும்பித் தம் பெயரைத் தம் கையால் எழுதுவதில் இருக்கிறது. விபரக்கொத்தின் பிற்கால வரலாற்றிலே பணம் வளர்ந்தது; கையொப்பம் தேய்ந்தது.

தொலைபேசி வந்தபின் ஏற்பாடு தலைகீழாயிற்று. அமெரிக்காவிலே 1878 ஆம் ஆண்டு நியூ ஹேவன் நகரில் வெளியான முதலாவது தொலைபேசிப் பட்டியல் 50 பெயர்களைக் கொண்ட ஒற்றைத் தாள். சில ஆண்டுகளின்பின் வயோமிங் பிரதேசத்து அச்சகம் ஒன்றில் வெள்ளைத் தாள் தீர்ந்துபோக மஞ்சள் தாளில் அச்சிட்டார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. 1886 இல் சிக்காகோவில் றூபன் டொனலி என்பவர் தொழில் வாரியாகப் பிரித்த மஞ்சட் பக்கங்களை ஒரு வியாபாரமாகவே நிறுவினார். புத்தகம் வீடுதோறும் இலவசமாகப் போடப்பட்டது. வாசிப்பவர் ஒரு சதமும் தரவேண்டியதில்லை. செலவை ஏற்பவர் வர்த்தகர். தொலைபேசி உள்ள ஒவ்வொரு கடைக்கும் சிறு எழுத்தில் ஒரு வரி சும்மா கிடைக்கும். தடித்த எழுத்து வேண்டுமா, அதற்கு ஒரு விலை. கட்டமிட்டு வேண்டுமா, அதற்கு இன்னொரு விலை. அரைப் பக்கம், முழுப் பக்கம் என்று ஏணி உயர்ந்து கொண்டே போகும். இலங்கையிலும் டெலிகொம் நிறுவனத்தின் ‘ரெயின்போ பேஜஸ்’ இதே வழியில் வர்த்தகப் பக்கங்களைப் புத்தகமாகவும் பின்பு இணையத்திலும் வெளியிட்டது.

வானொலி நேயர்களுக்கு இந்த வேறுபாடு புதியதன்று. கொழும்பிலே 1925 இல் ஒலிபரப்புத் தொடங்கிய பின்னர், வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் அனுமதிக் கட்டணம் செலுத்திய காலம் ஒன்று இருந்தது; கேட்பவரே விலை கொடுத்தார். 1950 இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியதும், சவர்க்காரக் கம்பனியும் தைலக் கம்பனியும் செலவை ஏற்றன. தென்னிந்தியா எங்கும் அதைச் சும்மா கேட்டார்கள். ஆனால் இந்த நிகழ்ச்சியை வழங்குவோர் இன்னார் என்று அறிவிப்பாளர் வாய்திறந்து சொல்வார். பணம் கொடுத்தவரின் பெயர் காதிலே விழுந்துவிடும். கேட்பவர் அதற்கேற்ப எடைபோட்டுக் கொள்வார்.

இணையத்திலே அந்த அறிவிப்பாளரின் குரல் சிறிது காலம் அடங்கிப் போயிற்று. 1994 இல் ஸ்ரான்பேட் பல்கலைக்கழக மாணவர் இருவர் இணையத்தளங்களைத் தொழில் வாரியாக, பொருள் வாரியாக அடுக்கி ‘யாஹூ’ விபரக்கொத்தைத் தொடங்கினர். ஆரம்பத்திலே எல்லாம் இலவசம். பின்பு வர்த்தகத் தளங்கள் ஆண்டுக்கு 299 டொலர் செலுத்த வேண்டும் என்றாயிற்று. அப்பணம் இடம்பெறுவதை உறுதிசெய்யவில்லை. விண்ணப்பத்தைப் பார்ப்பதற்கு மட்டுமே. சிறு கடைக்கு அது பெருந்தொகை. 2014 இன் முடிவில் அவ்விபரக்கொத்து மூடப்பட்டது. இதற்கிடையே 1998 இல் பில் குறொஸ் என்பவரின் ‘கோ ரூ’ என்னும் தேடுதளம் இடத்தையே ஏலத்தில் விற்றது. கூடுதலாகக் கேட்பவரின் பெயர் மேலே நிற்கும். ஏலத் தொகையை அத்தளம் வெளிப்படையாகக் காட்டியது என்பதையும் சொல்லவேண்டும். அதைப் பார்த்துப் பிறர் தொடங்கிய முறைகளிலே அந்த வெளிப்படை குறைந்தது. 2002 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தேடுதளங்களுக்கு எழுதி, பணம் பெற்று வைத்த இடங்களைப் பார்ப்பவர் அறியும்படி வேறுபடுத்திக் காட்டவேண்டும் என்று வற்புறுத்தியது. பேர்கூசன் காலத்துத் தாள்வேலி இவ்வாறு மீண்டும் கேட்கப்பட்டது.

இந்தியாவில் 1996 ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கிய ‘ஜஸ்ட் டயல்’ இன்னொரு வழியைக் காட்டியது. வீட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்து, பக்கத்தில் நீர்க்குழாய் திருத்துபவர் யார் என்று கேட்கலாம், கேட்பவருக்குக் கட்டணமில்லை. வர்த்தகரின் பெயரும் இலவசமாகப் பதியப்படும். ஆனால் முன்வரிசையில் சொல்லப்பட வேண்டுமானால் பணம் கட்டவேண்டும். அந்த முன்வரிசைகளுக்குப் பிளாட்டினம், டயமண்ட், கோல்ட் என்று உலோகமும் மணியுமாகப் பெயர் வைத்தார்கள். 2013 இல் அந்நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது தெரியவந்த ஒரு செய்தி முக்கியமானது: பதியப்பட்ட இலட்சக்கணக்கான பெயர்களுள் பணம் கட்டியவர்கள் மிகச் சிறு பகுதியினரே. அந்தச் சிறு பகுதியினரின் சந்தாவே முழு அலுவலகத்தையும் தாங்கியது. சென்னையிலே ‘சுலேகா’வும் இத்தகைய வர்த்தகச் சேவையாகவே வளர்ந்தது, 1998 இல் எழுத்தாளரும் வாசகரும் கூடும் தளமாகப் பிறந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர்.

இந்த வரலாற்றோடு வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் திரும்பினால், அங்கே ஒரு விபரக்கொத்தை நடத்த முனைபவரின் சங்கடம் தெளிவாகும். பெயர்கள் நிறைந்திருந்தாலன்றி எவரும் வந்து தேடார். தேடுவோர் வந்தாலன்றி எவரும் பணம் தரார். ஆகவே முதல் ஆண்டிலே கடை கடையாக நடந்து பெயர் திரட்டி, இலவசமாகப் பதிவதைத் தவிர வேறு வழியில்லை. கெல்லிக்குத் தபாற்காரர் கிடைத்தார். இவருக்குத் தம் கால்களே துணை.

பின்பு சந்தா கேட்கும் நாள் வரும். ஆண்டுச் சந்தா 12,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 1,000 ரூபா. தையற்கடைக்காரருக்குப் புதிதாக வரும் ஒருவரால் 500 ரூபா மிஞ்சுமானால், மாதத்துக்கு இருவராவது இதனால் வந்தால்தான் போட்ட பணம் கிடைக்கும். அவர் கல்லாப் பெட்டியின் அருகே ஒரு தாளில் கோடு கீறி எண்ணிக் கொள்வார். தரகர் சொல்லும் ஆயிரம் பார்வையாளர் கணக்கு அவருக்குத் தேவையில்லை. படியேறி வந்தவர் எத்தனை பேர் என்பதே தேவை. நகைக் கடைக்கோ ஒருவர் வந்தாலே ஆண்டுச் சந்தா தீர்ந்துவிடும். இருவருக்கும் ஒரே விலை வைத்தால் ஒருவர் விலகுவார். கடையின் அளவைப் பார்த்து விலை வைத்தால் பக்கத்துக் கடைக்காரர் வந்து சண்டை பிடிப்பார். அதனாற்றான் ஆளைப் பார்த்து விலை வைக்காமல், கொடுக்கும் வசதியைப் பார்த்து விலை வைக்கும் படிமுறை எங்கும் நிலைபெற்றது. பெயர், வீதி, தொலைபேசி இலக்கம், திறந்திருக்கும் நேரம் ஆகியவை எல்லார்க்கும் சும்மா. படங்கள், விலைப்பட்டியல், கிளைகளின் விபரம், முன்பதிவு வசதி ஆகியவற்றுக்குச் சந்தா. முதலிடம் விற்கப்படுமானால் அதன்மேல் விளம்பரம் என்ற சொல் தெரியவேண்டும்.

விற்கக்கூடாதவை சிலவும் உண்டு. வாடிக்கையாளர் எழுதிய குறைகளை மறைப்பதை விற்றால் விபரக்கொத்து அன்றே செத்துவிடும்; பிணம் நடமாடுவது சிறிது காலம் வெளியே தெரியாது, அவ்வளவுதான். மொழியும் அத்தகையதே. ஆங்கிலப் பதிவு இலவசம், தமிழிலோ சிங்களத்திலோ பதிய மேலதிகக் கட்டணம் என்று வகுப்பது, ஜம்பட்டா வீதிக் கடைக்காரரைப் பேர்கூசன் காலத்து நிலையிலேயே நிறுத்திவிடும்.

காலமும் விலையைக் கெடுக்கும். பேர்கூசன் நூல் ஆண்டுதோறும் புதிதாக அச்சிடப்பட்டது. விலையையும் ஆண்டுதோறும் மாற்றலாம். இணையத்தில் நடத்துபவருக்குச் சேமகக் கணினியின் வாடகை டொலரில்; வருவாயோ ரூபாவில். 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. ஜனவரியிலே ஓராண்டுச் சந்தாவை முற்பணமாக வாங்கிக் களிப்படைந்தவர், அதே பணத்துக்குள் எஞ்சிய மாதங்களை ஓட்டமுடியாமல் திண்டாடியிருப்பார். மாதந்தோறும் வாங்கினாலோ வசூலிக்கும் அலைச்சல். வங்கி அட்டையிலிருந்து தானாகவே பணம் கழியும் முறை அந்த அலைச்சலைத் தீர்த்தது; கூடவே ஒரு தீங்கையும் கொண்டுவந்தது. முதல் மாதம் இலவசம் என்று பதிவுசெய்துவிட்டு, இரண்டாம் மாதம் கேளாமலே பணம் எடுப்பது பல நாடுகளில் வழக்கமாயிற்று. ஒருமுறை இட்ட கையொப்பத்தை என்றைக்குமாகச் செல்லுபடியாக்கும் தந்திரம் அது. நிறுத்தும் வழி, சேரும் வழியைப்போலவே எளிதாக இருந்தாலன்றி அதைச் சந்தா என்று அழைப்பது அச்சொல்லுக்கே அவமானம்.

கையொப்பம் என்பது பணத்தைவிடப் பாரதூரமான ஒன்றைக் காப்பது என்பதைக் கொழும்புத் தமிழர் 1983 யூலையிலே கண்டனர். அந்த மாதம் 24 ஆந் திகதி இரவு பொரளையிலே தொடங்கிய வன்செயல் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை எங்கும் பரவியபோது, கும்பல்கள் சில தேருநர் இடாப்புகளைக் கையில் வைத்திருந்தன. எந்த வீடு தமிழர் வீடு, எந்தக் கடை தமிழர் கடை என்று பெயர் பார்த்துத் தேர்ந்து தீயிட்டனர். தேர்தலுக்காகத் தொகுக்கப்பட்ட பட்டியல் எரிப்பதற்கு வழிகாட்டியாயிற்று. வாடிக்கையாளர் வருவதற்காக உயரத்தில் மாட்டிய பெயர்ப்பலகையே ஆபத்தாக முடிந்தது. அதன்பின் கடையைத் திரும்பத் திறந்தவருக்குப் பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது என்பதே ஒரு கேள்வியாக நின்றிருக்கும். அந்த அனுபவம் உள்ள ஒருவரிடம் சென்று, ‘உங்கள் பெயரையும் வீட்டு விலாசத்தையும் சும்மா போடுகிறோம், காசு வேண்டாம்’ என்று சொன்னால் அவர் உடனே மகிழவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. கேளாமலே போட்டுவிடுவது அதனினும் தவறு. இன்று உலகளாவிய பெருந்தளங்கள் பல, கடைக்காரர் அறியாமலே அவர் கடையைப் பதிந்து வைத்திருக்கின்றன. பின்பு வந்து, இது உம்முடையதுதானா, உரிமை கோருகிறீரா என்று கேட்கின்றன. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்றை இலங்கைப் பாராளுமன்றம் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேற்றியது. ஒருவரைப் பற்றிய விபரத்தைக் கையாள்வதற்கு அவருடைய சம்மதம் என்ற கருத்து அதில் முக்கிய இடம்பெற்றுள்ளது. சிறு கடைக்கும் கடைக்காரரின் வீட்டுக்கும் விலாசம் ஒன்றேயாக இருக்கும் ஒழுங்கைகளிலே இது வெறும் சட்டப் பேச்சன்று. கடையின் தொலைபேசி இலக்கத்தைத் தருவார். சொந்தப் பெயரைத் தரமாட்டார். அதற்கும் விபரக்கொத்திலே இடம் வேண்டும். போட்டதை எடுத்துவிடு என்றால் கட்டணமின்றி எடுத்துவிடவும் வேண்டும்.

பேர்கூசனின் பழைய தொகுதிகளைச் சுவடிச்சாலைகளிலும் பெரிய நூலகங்களிலும் இன்றும் காணலாம். ஸ்கொத்லாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் பலர், தம் பாட்டனார் எந்தத் தோட்டத்தில் துரையாக இருந்தார் என்பதை அவற்றைக் கொண்டு கண்டுபிடிக்கின்றனர். தோட்டத்தின் பெயர், ஏக்கர்க் கணக்கு, துரையின் பெயர் எல்லாம் அங்கே உண்டு. அதே தோட்டத்தில் அதே ஆண்டு கொழுந்து பறித்த தமிழர்களின் பெயர்கள் அங்கே இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தேடும்போது, மலைகளின் பெயருக்குப் பக்கத்திலே ஏக்கர்க் கணக்கு மட்டும் நிற்கிறது.